மஞ்சள் மீனுக்கு ஒரு கிண்ணம்

“உங்க பேச்சைக் கேட்டதுக்கு எனக்கு நல்லா வேணும் டாக்டர்,” என்றாள் லில்லி.

டாக்டர் பெனிற்றா பல் வைத்தியர். ஆனால், தூத்துக்குடியில் கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் ஊற்றிப் பவளம் வளர்க்கிறவர்களுக்கெல்லாம் அவள்தான் குரு. லில்லியைவிடப் பதினைந்து வயது இளையவள். அதற்கென்ன, குருவுக்கு வயதா பார்க்கிறது?

“உட்காருங்கக்கா.”

“உட்கார வரல. தொட்டிக்கு அடியில மணல் வேண்டாம், வெறுங் கண்ணாடியா விடுங்கன்னு சொன்னது நீங்க. அழுக்கு தங்காது, பவளத்துக்கு நல்லதுன்னீங்க. விட்டேன். இப்ப வாறவங்க எல்லாம் குனிஞ்சு பாத்துட்டு, இன்னும் வேலை முடியலையான்னு கேக்காங்க.”

“யாரு கேட்டா?”

“யாரு கேக்கல? எங்க வீட்டுக்காரருக்கு வெள்ளை மணல் வேணுமாம், பீச் மாதிரி. அவரு அக்காவுக்குக் கறுப்பு கிரானைட் வேணுமாம், அவங்க வீட்டு அடுக்களை மேடை மாதிரி. என் மக பெங்களூர்ல இருந்து போன் போட்டு, காய் நறுக்குற வெள்ளைப் பலகை இருக்குல்லா, அதை வெட்டிப் போடுங்கம்மாங்கா. துடைக்கிறது நான். தண்ணி மாத்துறது நான். கருத்து மட்டும் ஆளுக்கொண்ணு.”

டாக்டர் கையுறையைக் கழற்றினாள்.

“இதுக்கு நடுவுல, புதுசா வாங்குன அந்த மஞ்சள் மீன் வேற சாப்பிட மாட்டேங்குது. இப்படியே போனா செத்துரும்.”

“வாய் எப்படி இருக்கு?”

“என் வாய்க்கு என்ன? நல்லாத்தானே பேசுது.”

“மீன் வாய்.”

லில்லி யோசித்தாள். “சிவந்திருக்கு. எங்கயோ அடிபட்ட மாதிரி.”

“சாயங்காலம் வாறேன்.”

“தரைக்கு என்ன போடட்டும்? அதைச் சொல்லுங்க மொதல்ல.”

டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள்.



சாயங்காலம் குரு லில்லி வீட்டுக்கு வந்தபோது கச்சேரி தொடங்கியிருந்தது.

லில்லியின் கணவர் பர்னபாஸ் தொட்டியின் இந்தப் பக்கம். அவர் அக்கா பிளாரன்ஸ் அந்தப் பக்கம், கையில் ஒரு கிரானைட் துண்டோடு.

“நீங்களே சொல்லுங்க டாக்டரம்மா,” என்றாள் பிளாரன்ஸ். “கல்யாண வீட்டுக்குச் சேலை கட்டாம வந்த மாதிரி இல்ல?”

டாக்டர் தொட்டி விளக்கை அணைத்தாள்.

“அணைச்சுட்டா எப்படிப் பாக்குறது?” என்றார் பர்னபாஸ்.

“பாக்க வேண்டாம். கேளுங்க.”

“அதுக்குத்தான் இந்த வீட்டுல ஆள் கிடையாது,” என்றாள் லில்லி.

டக்.

“மோட்டார்,” என்றார் பர்னபாஸ். “விளக்கை அணைச்சா தினமும் இப்படித்தான். ஆளைக் கூப்பிட்டுப் பாக்கணும்.”

டக்.

டாக்டர் செல்போன் வெளிச்சத்தைத் தொட்டிக்குள் தாழ்வாகப் பிடித்தாள்.

மஞ்சள் மீன் மேலே ஏறியது. தலைகீழாகத் திரும்பியது. இருக்கிற வேகத்தையெல்லாம் திரட்டித் தரையை நோக்கிப் பாய்ந்தது.

டக்.

கண்ணாடியில் சரிந்து விழுந்து, வாலை அடித்துக்கொண்டு, மறுபடியும் மேலே ஏறியது.

பிளாரன்ஸ் கிரானைட் துண்டைச் சேலைத் தலைப்பில் மறைத்தாள்.

“என்ன செய்யுது அது?” என்றாள் லில்லி.

“படுக்கப் போகுது. இந்த ரகம் மணலுக்குள்ள புதைஞ்சுதான் தூங்கும்.”

டக்.

“இதை அன்னைக்கே சொன்னா என்ன?” லில்லி டாக்டர் பக்கம் திரும்பினாள். “வெறுந்தரை, வெறுந்தரைன்னு வேதம் ஓதுனீங்களே. இது தினமும் மூஞ்சியை உடைச்சுக்கிட்டுக் கிடந்திருக்கு.”

“என்ன மீன் வச்சிருக்கீங்கன்னு நான் கேக்கல.”

“ஏன் கேக்கல?”

குரு கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

கழுவிக் காயவைத்த மணல்.

“அப்ப உங்க தொட்டியில மணல் உண்டு.”

“தரையில கிடையாது. மூலையில ஒரு கிண்ணத்துல.”

லில்லி பார்த்த பார்வையில், ஊர் வாயையெல்லாம் திறக்கச் சொல்கிறவள் தன் வாயை மூடிக்கொண்டாள்.

லில்லி ஷோகேஸைத் திறந்தாள். கல்யாண வெள்ளிவிழாவுக்கு வந்த கனத்த கண்ணாடிக் கிண்ணம். கிறிஸ்துமஸ் புட்டிங்குக்குக்கூட அதை எடுத்ததில்லை.

“ஏ லில்லி, அது நான் குடுத்தது,” என்றாள் பிளாரன்ஸ்.

“தெரியும் மைனி.”

மணலைக் கொட்டினாள். ரவிக்கைக் கை நனைய, கிண்ணத்தைத் தொட்டியின் அடியில் இறக்கி வைத்தாள்.

மீன் கிண்ணத்தைச் சுற்றி வந்தது. மேலே ஏறியது. திரும்பியது. பாய்ந்தது.

சத்தம் இல்லை.

மணல் ஒருமுறை புரண்டு, அடங்கியது.

பர்னபாஸ் தொண்டையைச் செருமினார். “சரி. மீதித் தரைக்கு என்ன போடுறது?”

பிளாரன்ஸ் சேலைத் தலைப்பை விலக்கினாள்.

லில்லி உதட்டில் விரலை வைத்தாள்.

“தூங்குது.”