குருவித்திட்டு யாரோடது?

ஒரு ஊர்ல இல்ல தாயி, ஊருக்கு எதுத்தாப்புல, நடுக்கடல்ல ஒரு தீவு. பேரு குருவித்திட்டு. இந்தக் கோடியில நின்னு கூப்புட்டா அந்தக் கோடியில "என்ன"ன்னு கேக்கும். அம்புட்டுதான் தீவு. அதுல ஆறே ஆறு வீடு. மீன் புடிக்கிற சனம், பாசி எடுக்கிற சனம். ம் கொட்டு.

ம்.

அந்தத் தீவோட பவிசே அதோட ஊத்துதான். சுத்தி உப்புத்தண்ணி, கடலோரத்து மணல்ல ஒரு எடத்துல மட்டும் குபுகுபுன்னு நல்ல தண்ணி வரும், எளநி கணக்கா. காத்து விழுந்துபோயி நடுக்கடல்ல நின்ன வள்ளமெல்லாம் அந்த ஊத்தை நம்பித்தான் இருந்துச்சு. யாரு வந்தாலும் குடிக்கலாம். யாரும் யாரையும் கேக்குறதில்ல.

அந்த ஆறு வீட்டுல ஒரு வீட்டுப் புள்ளதான் சலேத்து. அவளுக்கு ஏழு வயசு இருக்கும்போது கரையிலேருந்து ஒரு படகு வந்துச்சு. அதுலேருந்து செவசெவன்னு ஒரு வெள்ளைக்கார துரை எறங்குனான். கூட வந்த கணக்குப்புள்ள சொன்னான்: "சமீன்தாரு இந்தத் தீவைத் துரைக்குக் குடுத்துட்டாக."

"எதுக்குக் குடுத்தாக?"ன்னு கேட்டாரு சலேத்தோட அப்பன்.

"துரைகிட்ட ஒரு வெள்ளைக் குதிரை இருந்துச்சு. சமீன்தாருக்கு அது புடிச்சுப்போச்சு."

கேட்டியா தாயி? ஒரு குதிரைக்கு ஒரு தீவு! சமீன்தாரு அந்தத் தீவுல காலு வச்சதே இல்ல. எந்தத் திசையில இருக்குன்னு கேட்டா வானத்தைக் காட்டியிருப்பாரு. குடுத்துட்டாராம்!

அப்புறம் துரை என்ன பண்ணுனான்? மரத்தை எடுத்துக்கிட்டான். பனை, தென்னை, பூவரசு எல்லாத்துலயும் சுண்ணாம்பால நம்பர் போட்டான். "ஒரு மட்டையைத் தொடக்கூடாது"ன்னுட்டான். சலேத்தோட பாட்டன் வச்ச தென்னை அது. கீழ கெடந்த ஒரு குரும்பையை அந்தப் புள்ள எடுத்துச்சு. துரை பொளேர்னு ஒரு அறை விட்டான். கன்னம் வீங்கிப்போச்சு. அப்பன்காரரு குனிஞ்சு அந்தக் குரும்பையை எடுத்துத் துரை காலடியில வச்சாரு. அதுதான் அவளுக்கு அறையைவிட வலிச்சுச்சு.

ம்.

அப்புறம் காலம் ஓடுச்சு. வெள்ளைக்காரனுக எல்லாம் மூட்டை கட்டுனானுக. சலேத்துக்குக் கலியாணம் ஆயி, சந்தியாகுன்னு ஒரு கைப்புள்ள. சரி, துரை போறான், தீவு நம்மளுதுன்னு சனமெல்லாம் சந்தோசப்பட்டுச்சு. எங்க? கப்பல் ஏறப் போன துரை, கரையில இருந்த எண்ணெய் ஆலை முதலாளிக்குத் தீவை எழுதிக் குடுத்துட்டான். எதுக்கு? முதலாளி அவனுக்கு ஒரு பாட்டுப்பெட்டி குடுத்தாராம், கப்பல்ல கேட்டுக்கிட்டே போறதுக்கு!

மொத ஆளு மரத்தை எடுத்தான். ரெண்டாவது ஆளு வீட்டை எடுத்தாரு. "தோப்பு போடணும், எடத்தைக் காலி பண்ணுங்க"ன்னு ஆளு அனுப்புனாரு. கடப்பாரையோட பத்துப் பேரு. தடார், தடார்னு ஆறு வீடும் விழுந்துச்சு. சலேத்து உலை வச்சிருந்தா. கஞ்சிப் பானையைத் துணி சுத்தி இடுப்புல வச்சுக்கிட்டு, புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு வள்ளத்துல ஏறுனா. பாதி தூரம் வந்தும் அந்தப் பானை சூடாத்தான் இருந்துச்சாம். பொறந்த எடத்துலேருந்து ஒரு பானைக் கஞ்சி ஆறுறதுக்குள்ள வெரட்டிப்புட்டாக.

தூங்கிட்டியா?

இல்ல. ம்.

அப்புறம் அந்தச் சனம் எதுத்தாப்புல கரையில ஓலைக்கொட்டா போட்டுக்கிட்டு இருந்துச்சு. தண்ணிக்கு மட்டும் குருவித்திட்டுக்குப் போய்வரும். அதையும் பொறுக்கல பாரு! முதலாளி தன் மகளுக்குக் கலியாணம் பண்ணி, தீவைச் சீதனமாக் குடுத்தாரு. மாப்பிள்ளை வந்தான். மூணாவது ஆளு. அவன் ஊத்தைச் சுத்தி முள்ளுக்கம்பி அடிச்சு, மேல இரும்பு மூடி போட்டு, இந்தாப்பெரிய பூட்டைப் போட்டான். டக்!

அதுக்குள்ள சந்தியாகு வளந்து கடலுக்குப் போற ஆளாயிட்டான். அந்த வருசம் காத்தே இல்ல. சந்தியாகும் இன்னும் மூணு பேரும் போன வள்ளம் நடுக்கடல்ல நின்னுபோச்சு. ஒரு நாளு, ரெண்டு நாளு, மூணு நாளு. கையால துடுப்புப் போட்டு, நாக்கு தடிச்சு, குருவித்திட்டுக்கு வந்து சேந்தானுக.

"அண்ணே, தண்ணி"ன்னான் சந்தியாகு.

"சாவி மாப்பிள்ளைகிட்ட இருக்கு. அவரு பட்டணம் போயிட்டாரு"ன்னான் மாப்பிள்ளை வச்சிருந்த காவக்காரன்.

மூடிக்கு அடியில குபுகுபுன்னு சத்தம் கேக்குதாம் தாயி! சத்தம் கேக்குது, தண்ணி இல்ல! அந்த மூடியிலயே முகத்தை வச்சுப் படுத்துட்டான். காவக்காரன் மனசு கேக்காம தன் சொம்புல இருந்த தண்ணியை நாலு பேருக்கும் ஊத்தி நாக்கை நனைச்சு விட்டான். அதுலதான் உசிரு நின்னுச்சு.

கரைக்கு வந்த மகனைப் பாத்தா சலேத்து. அழல. முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு தாலுகா ஆபீசுக்கு நடந்தா. நாலு மணி நேர நடை.

மொத தடவை, "அய்யா இல்ல, நாளைக்கு வா"ன்னாக. ரெண்டாம் தடவை, "பட்டா அவரு பேருல இருக்கு, உனக்கென்னம்மா?"ன்னாக. மூணாம் தடவை வாசல்ல நின்ன அதிகாரியோட ஜீப்பு வண்டிக்கு முன்னால சப்புன்னு உக்காந்துட்டா. "என் மகன் ஊத்து மேல படுத்துக்கிட்டுத் தாகத்துல செத்திருப்பான். இதுக்கு ஒரு பதில் சொல்லிட்டு வண்டிய எடுங்க"ன்னா. அதிகாரி வண்டிய விட்டு எறங்குனாரு. அப்புறம் சொன்னாரு: "சர்வேயரை அனுப்புறேன். அளந்துருவோம்."

சர்வேயர் தணிகாசலம் ஒரு காலையில தீவுக்கு வந்தாரு. அப்போ கடல் வத்தியிருந்த நேரம். கிலுங் கிலுங்னு சங்கிலியை இழுத்து அளந்தாரு. "பத்திரத்துல நாலு எல்லையும் கடல்னு போட்டிருக்கு. கடல் அங்க, நாப்பது அடி தள்ளி இருக்கு. ஊத்து கரையில இருக்கு. அது அவரோடதுதாம்மா"ன்னாரு.

மாப்பிள்ளை சிரிச்சான். "அதான் முடிஞ்சுதே, கெளம்புங்க சார்."

சர்வேயர் சங்கிலியைச் சுருட்டக் குனிஞ்சாரு. சலேத்து ஊத்துப் பக்கத்துல அந்தச் சங்கிலி மேலயே உக்காந்துட்டா.

"எந்திரிம்மா."

"அய்யா, கடல் வெளிய போயிருக்கு. வீட்டுக்காரி இல்லாத நேரமாப் பாத்து வீட்டை அளந்தா அது ஞாயமா? அவ வரட்டும்."

"எப்ப வரும்?"

"உச்சி சாஞ்சா வந்துருவா."

மாப்பிள்ளை கத்துனான், காவக்காரனைக் கூப்புட்டான், "இழுத்துப் போடுடா"ன்னான். காவக்காரன் அந்தப் பக்கமாத் திரும்பி நின்னுக்கிட்டான். அப்போ வெயில் ஏறுச்சு. வேர்வை ஊத்துச்சு. அவ அசையல. அப்புறம் சளக்குன்னு ஒரு அலை. சளக், சளக். மணலு நனைஞ்சுச்சு. தண்ணி அவ மடிக்கு வந்துச்சு. நெஞ்சுக்கு வந்துச்சு. இரும்பு மூடி, பூட்டு எல்லாம் முங்கிப்போச்சு. சர்வேயர் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு முழங்கால் தண்ணியில நின்னாரு.

"இப்பச் சொல்லுங்கய்யா, இது கடலா, கரையா?"

சர்வேயர் கீழ பாத்தாரு. மாப்பிள்ளையப் பாத்தாரு. "கடல்தாம்மா"ன்னாரு.

"அப்ப எழுதுங்க."

எழுதுனாரு தாயி. ஆறு மாசத்துல, ஊத்து கடல்ல இருக்கு, அது எல்லாருக்கும் பொதுன்னு உத்தரவு வந்துச்சு. டங், டங், டணார்! பூட்டு உடைஞ்சுச்சு. சனமெல்லாம் வாய் வச்சுக் குடிச்சுச்சு. "சலேத்தக்கா செயிச்சுட்டா!"ன்னு ஒருத்தி அவ கையைப் புடிச்சுக் குலுக்குனா.

சலேத்துக்கு வந்துச்சு பாரு கோவம்! கையை உதறுனா. "என்னத்தடி செயிச்சேன்? சொந்த ஆத்தா வீட்டுலயே வாசப்படி வரைக்கும் வந்து தண்ணி குடிச்சுட்டுப் போன்னு விட்டிருக்கானுக. அதுக்கு நான் குதிக்கணுமா? அந்தா தெரியுது பாரு, என் அடுப்பு இருந்த எடம். அங்க ஒரு எட்டு வைக்க எனக்கு உரிமையில்ல. குதிரைக்கு மாத்துனவனுக்கு உரிமை இருந்துச்சு, பாட்டுப்பெட்டிக்கு மாத்துனவனுக்கு உரிமை இருந்துச்சு. எங்களை ஒருத்தன் ஒரு வார்த்தை கேட்டானா?"

சொல்லிட்டு வள்ளத்துல ஏறுனா. நேரா ஆபீசு வாசல்ல மனு எழுதுறவர்கிட்ட போயி முன்னால உக்காந்தா. "எழுதுங்க. குருவித்திட்டு, ஆறு வீடு. மொத வீடு என்னோடது."

வீடு கெடைச்சுதா?

இன்னும் இல்ல தாயி. சலேத்து காலமாயிட்டா, சந்தியாகு அலைஞ்சான், இப்ப அவன் மக அலையுறா. மனு இன்னும் நிக்குது. அவங்களும் நிக்குறாக.

வள்ளம் கரை ஏறியாச்சு, கதையும் ஏறியாச்சு. கண்ணை மூடு, தூங்கு.