தரையோடு தரையாக ஒரு மரமேடை

கோணப்புத்தூர் வெள்ளியங்கிரிக்குத் தான் முட்டாள் என்பது நன்றாகவே தெரியும். அதனால்தான் எதைச் செய்தாலும் சென்னியப்பன், ராக்கியண்ணன் என்ற தன் மச்சினன்மார் இருவரையும் கேட்டுக்கொண்டு செய்வார். அவர்களுக்குத் தங்களைப் பற்றி அந்த விஷயம் இன்னும் தெரியாது.

வெள்ளியங்கிரி வீட்டுப் பின்வாசல் தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் இருந்தது. அதை ஒட்டி ஒரு மரமேடை போட்டு, கல்யாணம் பேச வரும் மாப்பிள்ளை வீட்டாரை அதில் உட்காரவைத்துக் காப்பி கொடுப்பதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டார். மேடை இல்லாவிட்டால் மகள் கல்யாணமே நின்றுவிடுமோ என்று பயந்தார்.

ஆசாரி வந்து பார்த்தார். தேக்கா வேம்பா, அகலம் எவ்வளவு என்பதெல்லாம் செலவைக் கூட்டும், ஆனால் இங்கே காசைத் தின்பது உயரம்தான் என்றார்.

"உசர உசரக் காலு வேணும், படி வேணும், கைப்பிடி வேணுமுங்க. தரையோட தரையாப் போட்டா வெறும் பலகை போதும்."

பலகையை இறக்கிவிட்டு அவர் போனதும் மூவரும் கன்னத்தில் கைவைத்து யோசித்தார்கள்.

"மேடைய எதுக்கு மச்சான் எறக்கோணும்? தரைய ஏத்திருவோம்," என்றான் சென்னியப்பன்.

வெள்ளியங்கிரிக்குப் புல்லரித்துவிட்டது. மண்ணை விலைக்கு வாங்குவானேன், பக்கத்திலேயே தோண்டிக்கொள்ளலாம் என்றான் ராக்கியண்ணன். வாசலடியில் மண் ஏற ஏறச் சுற்றிலும் பள்ளம் இறங்கிக்கொண்டே போனது. மேலே பலகையைப் பரப்பினார்கள். ஆசாரி வந்து ஓரத்தில் நின்று கீழே எட்டிப் பார்த்தார். ஆள் உயரத்துக்குக் கிடந்தது பள்ளம்.

"இப்ப முன்னைக்கு ரெண்டு மடங்கு செலவாகுமுங்க."

வெள்ளியங்கிரி தலையில் அடித்துக்கொண்டார். காலிப் பானையைத் தட்டினாற்போல் அது நன்றாகவே சத்தம் கொடுத்தது. பள்ளத்தை மூடுவதென்று முடிவாயிற்று. மண்ணுக்கு இந்த முறையும் அலையவில்லை, பலகைக்கு அடியிலேயே வேண்டிய மட்டும் இருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா வந்தபோது பலகைகள் தரையோடு தரையாகக் கிடந்தன. பின்வாசலில் நின்றவர் கீழே பார்த்தார்.

"இதுல எப்படிங்க எறங்கறது?"

கல்யாணம் கைவிட்டுப் போய்விட்டது என்றே வெள்ளியங்கிரி நினைத்தார். அதற்குள் ராக்கியண்ணன் பணிவாகச் சொன்னான்.

"மேடை சரியாத்தானுங்க இருக்குது. வீடுதான் உசந்துபோச்சு."

வந்தவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"அப்ப வீட்டைத்தான் எறக்கோணும். இன்னொரு கடப்பாரை இருக்குதுங்களா, சம்பந்தி?"