கார்த்திகைக் குப்பி

"தண்ணி சரியா இருக்கா, டீச்சர்?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

செண்பகவல்லி குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஆறு மாதமாக வாரம் தவறாமல் குப்பி கொண்டுவருகிற மனுஷர், ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை.

அவருக்கு வயது அறுபது, அவளுக்கு முப்பத்தைந்து. கோவில்பட்டிப் பக்கம் கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்று, ஸ்வீடனின் வடகோடியில் மகள் வீட்டுக்கு வந்தவர். சும்மா இருக்கமாட்டாமல், காட்டு மண்ணை ஆராயும் அவளிடம் மாணவராகச் சேர்ந்துகொண்டார். சேர்ந்த அன்றே பெருமையடித்தார்.

"செய்யாத சோதனைக்கு அளவு எழுதுற பயலுகளை நான் விட்டதே இல்ல. நோட்டுல செவப்பு மையால குறுக்க ஒரு கோடு. அம்புட்டுதான்."

அவள் சிரித்துக்கொண்டே வேலையைக் கொடுத்தாள். ஊசியிலைக் காட்டில் முழங்கால் ஆழத்தில் ஒரு தட்டு புதைத்திருக்கிறது. மண்ணுக்குள் இறங்கும் தண்ணீர் அதில் வடிந்து குப்பிக்கு வரும். மக்கிய இலை தழைகளின் கரிமம் அதில் எவ்வளவு கரைந்து போகிறது என்று ஒன்பது வருஷமாக அவள் பார்த்துவருகிறாள். அது கூடக் கூடத் தண்ணீர் கறுக்கும்.

"இந்த வாரம் விடாம மழை," என்றாள். "கார்த்திகை பொறந்தும் மண்ணு உறையல. தண்ணி மட்டும் போன மாசம் மாதிரியே இருக்கே?"

"இருக்கும்," என்றார். காது இரண்டும் சூடாகிவிட்டன.

அவள் எழுந்துபோய் டீத்தூளைக் கொதிக்கவிட்டு டிகாஷன் இறக்கினாள். கண்ணாடி டம்ளரில் வெந்நீர் ஊற்றி, அதில் ஒரு கரண்டி டிகாஷன் விட்டு அவர் முன்னால் வைத்தாள்.

"தட்டுல வடிஞ்சது இந்த நிறமா?"

அவருக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி இருந்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். அந்த யோசனை வந்ததே அவருக்குக் கேவலமாக இருந்தது.

"இன்னும் கறுப்பு."

இன்னொரு கரண்டி.

"இதா?"

"இன்னும்."

ஐந்தாவது கரண்டியில், "இதுதான்," என்றார்.

அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒம்பது வருஷத்துல இப்படி ஒண்ணு வந்ததே இல்ல," என்றாள் மெல்ல. "அந்தத் தண்ணி எங்க?"

"மரத்தடியில கொட்டிட்டேன். கொஞ்சத்தை மட்டும் வெச்சு, குழாத்தண்ணி கலந்தேன்."

"எவ்வளவு கலந்தீங்க?"

"அளக்கல."

முப்பது வருஷம் வேதியியல் நடத்தியவர். அதைச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"ஏன் அண்ணாச்சி?"

"போன வாரம் குழி பக்கத்துல வழுக்கி விழுந்துட்டேன். பாசியெல்லாம் பேந்துபோச்சு. அதுலதான் தண்ணி கறுத்துட்டுன்னு நெனச்சேன். இந்த வயசுல உங்ககிட்ட ஏச்சு வாங்கணுமேன்னு..."

"பாசியாவது ஒண்ணாவது! உறைஞ்சு கெடக்க வேண்டிய மண்ணுல வெதுவெதுன்னு மழை எறங்கியிருக்கு. மக்கினதெல்லாம் கரைஞ்சு வந்திருக்கு. கறுத்தது உங்களால இல்ல."

அப்பாடா என்று மூச்சுவிட்டார் ஆவுடையப்பன்.

"வெளுத்ததுதான் உங்களால."

வெளியே மழை விட்டிருந்தது. ஜன்னல் ஓரத்தில் பனி படியத் தொடங்கியிருந்தது.

"அடுத்த வாரம் எப்படி வருதோ அப்படியே கொண்டாறேன், டீச்சர்."

"அடுத்த வாரம் மண்ணு உறைஞ்சிரும், அண்ணாச்சி."

அவருக்குக் கண் கலங்கியது. அதை அவள் பார்த்துவிடக் கூடாதே என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

குப்பியோடு அவர் கொண்டுவந்திருந்த அளவு நோட்டைத் திறந்து, அவள் அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அந்த வாரத்துக் கட்டத்தில் அவருடைய அழகான கையெழுத்தில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல், அளவு எழுதியிருந்தது.

நோட்டின் மேல் ஒரு சிவப்புப் பேனாவை வைத்துவிட்டு, அவள் டம்ளரைக் கழுவப் போனாள்.

குறுக்கே ஒரு கோடு போட்டார். கோடு நேராக வரவில்லை.