பெட்டிக்குள் இருந்த தவில்காரர்

சுண்டைக்குடி மேள செட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் உங்கள் வீட்டுக் கல்யாணமெல்லாம் நல்லபடியாக நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

செட்டில் மூன்று பேர். நாயனம் கோதண்டபாணி, தவில் மாசிலாமணி, தாளம் பக்கிரி. மூவரும் கும்பகோணம் போய் ஒரு கீபோர்டு வாங்கினார்கள். "இந்தப் பொத்தானை அமுக்கினா போதும், தவில் தானா வாசிக்கும்" என்று கடைக்காரர் அமுக்கிக் காட்டினார். மாசிலாமணிக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"உள்ள இருக்கறவர் பெரிய வித்வான்ணே. அவர் முன்னாடி நான் தவிலைத் தொட மாட்டேன்."

"இத்துனூண்டு பெட்டியில எப்படிண்ணே உக்காந்திருக்கார்?" என்றார் பக்கிரி.

"காலை மடிச்சுத்தான்" என்றார் கோதண்டபாணி.

மாசிலாமணி தவிலை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்.

பெட்டியோடு முதல் கச்சேரி, ஏகாம்பரம் மகள் கனகவல்லி கல்யாணம். பத்தரைக்குள் முகூர்த்தம். மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை, சாயங்காலமே விமானம். இதை விட்டால் அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்துத்தான்.

பத்து மணிக்குக் கோதண்டபாணி ஒரு கீர்த்தனையை முடித்தார். பெரிய தவில்காரர் கூட வந்தால், அவரைத் தனியாக வாசிக்க விட்டு, அவர் முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அதுதான் மரியாதை. கோதண்டபாணி மரியாதை தெரிந்த மனுஷன். நாயனத்தை மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியைப் பார்த்து "நடத்துங்க" என்று கைகாட்டினார்.

மாசிலாமணி பொத்தானை அமுக்க, பெட்டி நடத்தியது. பத்தேகால் ஆயிற்று. இன்னும் நடத்தியது.

"மூச்சுகூட வாங்கலையேண்ணே" என்றார் பக்கிரி.

"அத்தனை வருஷச் சாதகம்டா" என்றார் கோதண்டபாணி.

"வாசிச்சதையே திருப்பித் திருப்பி வாசிக்கிறாரே?"

"நமக்குப் புரியற வரைக்கும் விடமாட்டார் போல" என்றார் மாசிலாமணி. மூவரும் இன்னும் கவனமாகக் கேட்டார்கள்.

புரோகிதர் "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று விரலை ஆட்டினார். மாப்பிள்ளை தாலியும் கையுமாக நின்றார். ஏகாம்பரம் ஓடிவந்தார்.

"யோவ், அதை நிறுத்திட்டுக் கெட்டிமேளம் கொட்டுங்கய்யா."

"தனி நடக்குதுங்க" என்றார் கோதண்டபாணி. " நடுவுல வித்வானை நிறுத்தினா பாவம்."

"முகூர்த்தம் போகுதுய்யா. உங்க கால்ல வேணா விழறேன்."

"எங்க கால்ல எதுக்குங்க? அவர்கிட்டக் கேளுங்க."

ஏகாம்பரத்துக்கு அழுகையே வந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டுப் பெட்டியிடம் கேட்டும் பார்த்தார், பாவம். பெட்டி மசியவில்லை.

பத்து இருபத்தெட்டு. கனகவல்லி மணவறையிலிருந்து எழுந்தாள். கூரைப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராக வந்தாள். பிளக்கைப் பிடுங்கினாள்.

பெட்டி நின்றது.

"அடடா, என்னா முடிப்பு" என்று கோதண்டபாணி உருகிப்போனார். மூவரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். என்ன ஏதென்று தெரியாமல் மண்டபமே சேர்ந்து தட்டியது.

"இதுதான் கெட்டிமேளம். கட்டுங்க" என்று கனகவல்லி கழுத்தை நீட்டினாள். மாப்பிள்ளை கட்டினார். ஏகாம்பரம் அப்பாடா என்று நாற்காலியில் சரிந்தார்.

செட்டுக்கு வேறு கவலை. அரை மணி நேரம் வாசித்தவருக்குத் தொண்டை வறண்டிருக்காதா? பக்கிரி ஒரு பன்னீர் சோடாவை உடைத்து, ஸ்பீக்கர் ஓட்டை வழியாகப் பதமாக ஊற்றினார். முழு பாட்டிலும் உள்ளே போயிற்று. மாசிலாமணி பிளக்கைச் சொருகினார்.

"ஏஏஏவ்வ்" என்றது பெட்டி. அதோடு சரி.

"ஏப்பம் விட்டுட்டார்" என்றார் கோதண்டபாணி நிம்மதியாக. "பந்தியில அவருக்கு இலை போட வேண்டாம்னு சொல்லிடு."