பாதிக் கூட்டில் ஆடிப் பார்த்தவள்

பறவைகள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கண்மாய்க்கரைப் பனையில் மஞ்சன் என்றொரு ஆண் தூக்கணாங்குருவி இருந்தான். பெரிய கைகாரன். சோளத்தோகையைக் கிழித்து அவன் முடிச்சுப் போடுவதைப் பார்க்க இரண்டு கண் போதாது.

ஆனால் பிடிவாதக்காரன். "கூடுங்கறது முட்டை மாதிரி. முடியிறவரைக்கும் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது" என்பான். வாசல்வரை கட்டி முடித்துவிட்டுத்தான் பெட்டையைக் கூப்பிடுவான்.

அந்த ஆண்டு செம்பி என்ற பெட்டைக்காக மூன்று கூடுகள் கட்டினான். ஒன்றில் வாசல் காற்றுக்கு எதிரே இருந்தது. இன்னொன்றில் முட்டை அறை போதவில்லை. மூன்றாவது, காய்ந்த மட்டையில் தொங்கியது. செம்பி மூன்றையும் பார்த்துவிட்டுப் பறந்துபோனாள். தோகை காய்ந்தபின் பிரித்து மாற்றவும் வழியில்லை. மேற்கே மேகம் கறுத்துவிட்டது. மழைக்குமுன் கூடு அமையாவிட்டால் அந்த ஆண்டு குஞ்சே கிடையாது.

நான்காவது கூடு பாதியில் இருந்தபோது மஞ்சன் முடைவதை நிறுத்திவிட்டு யோசித்தான். இதைக் காட்டினால் மரமே சிரிக்கும். காட்டாவிட்டால் இதுவும் வீணாகலாம். கண்ணை இறுக மூடிக்கொண்டு, இறக்கையைப் படபடத்துக் கூப்பிட்டேவிட்டான்.

"அடேய், கூரை இருக்கு, வீட்டைக் காணோமேடா!" என்று மற்ற குருவிகள் விழுந்து விழுந்து சிரித்தன.

செம்பி வந்தாள். குறுக்கே ஓடிய பின்னலில் உட்கார்ந்து ஆடிப் பார்த்தாள்.

"மட்டை நல்லாத் தாங்குது. அறையை மட்டும் கொஞ்சம் அகலமாக்கு. வாசலைக் கிழக்கே வை."

"அரைகுறையாக் காட்டினதுல உனக்குக் கோபமில்லையா?"

"முட்டை இடுறவ நான்யா. அதை நடுவுல திறந்தா செத்துப்போகும். கூடு அப்படியா? அது குஞ்சு மாதிரி. தினம் தினம் பார்த்து, என்ன கேக்குதோ அதை ஊட்டி வளர்க்கணும்."

இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று மஞ்சனுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. பிறகு அவன் முடைய, அவள் வந்து பார்க்க, அவன் திருத்த, கூடு வளர்ந்தது. மழை கொட்டியபோது உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. சிரித்த குருவிகளே வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்து அசந்துபோயின.

அன்று முதல்தான் தூக்கணாங்குருவி பாதிக் கூட்டோடு நிறுத்திப் பெட்டையைக் கூப்பிடுகிறது. பனையில் வாசல் குழாய் இல்லாமல் தொங்கும் குறைக்கூடுகளெல்லாம், பெட்டை சொன்ன வேண்டாம் என்ற பதிலையும் நேரத்தோடு கேட்டுக்கொள்ளத் துணிந்த கெட்டிக்காரர்கள் கட்டியவை.