எதிராளியின் பெயர்

மலையடிவாரத்தில், ரப்பர் தோட்டத்தை ஒட்டி எட்டுக் கட்டில் போட்ட ஒரு வைத்தியசாலை. சாமிதாஸ் ஆசான் அதை நடத்தினார். நாற்பது வயதுகூட ஆகாதவர். அவரிடம் வைத்தியம் படிக்க வந்தவர்களில் பொன்லிங்கம் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்திருந்தான்.

பொன்லிங்கத்துக்கு மூன்று வேலை. படிப்பு ஒன்று. ஓய்ந்த நேரத்தில் செல்போனில் சதுரங்கம் ஆடுவது ஒன்று. அந்த ஆட்டத்தைப் பற்றி ஓர் இணையதளத்துக்கு வாரம் ஒரு கட்டுரை எழுதுவது மற்றொன்று. கட்டுரைக்குப் பணம் தந்தார்கள். அந்தப் பணத்தால்தான் அவன் அம்மா தையல் மிஷினை விட்டு எழுந்து கொஞ்சம் முதுகை நிமிர்த்த முடிந்தது. அதனால் அவனைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஆசானுக்கும் எல்லாம் தெரியும். அவர் ஒன்றும் சொன்னதில்லை.

சாயங்கால நாடி பார்ப்பது அங்கே மாணவர்களின் பொறுப்பு. நோயாளியின் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்க வேண்டும். அவர் பேசி முடிக்கிறவரை விரலை எடுக்கக் கூடாது. பிறகு நோட்டில் நாடியை எழுதி, அதன் கீழே அவர் பேசியதிலிருந்து ஒரு வரி எழுத வேண்டும். போர்வை கனமாக இருக்கிறது என்று சொன்னாலும் சரி, செத்துப்போன அண்ணன் கனவில் வந்தான் என்று சொன்னாலும் சரி.

மருந்து முடிகிற அன்று அந்த நோட்டை நோயாளியின் வீட்டாரிடமே கொடுத்துவிடுவார் ஆசான். அவருடைய அப்பா காலத்து வழக்கம் அது.

"மருந்துச் சீட்டு கொடுத்தா போதாதா ஆசானே?" என்று முதல் வருஷத்தில் பொன்லிங்கம் கேட்டிருக்கிறான்.

"மருந்து நம்ம வீட்டுது. பேச்சு அவங்க வீட்டுது. அவங்க வீட்டுக்கே போட்டும்" என்றார் ஆசான்.

ஆனி மாதத்தில் தங்கப்பழம் என்று ஒரு லாரி டிரைவர் வந்தார். நெஞ்சு முழுக்க நோய். பெரிய ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. மனைவி காலமாகிவிட்டாள். ஒரே மகள் இசக்கிசெல்வி, மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய் நாலு வருஷம். இந்த வாசலை மிதிக்காதே என்று சொன்னது தங்கப்பழம்தான்.

ஆசான் அவர் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"நோயை எடுக்க என்னால ஆகாது அண்ணாச்சி. மூச்சு முட்டாம பாத்துக்கிடலாம்."

"அது போதும் வைத்தியரே. முப்பது வருஷம் பிரேக் மிதிச்ச காலு. வண்டி எங்க நிக்கப் போகுதுன்னு எனக்குத் தெரியாதா?"

அவரைப் பொன்லிங்கத்தின் பொறுப்பில் விட்டார் ஆசான்.

முதல் நாள் சாயங்காலம் நாடி பார்க்கும்போது, பொன்லிங்கத்தின் சட்டைப் பையிலிருந்த செல்போனை எட்டிப் பார்த்தார் தங்கப்பழம்.

"அது என்னடே, குதிரையா?"

"சதுரங்கம் அண்ணாச்சி. ஆடுவீங்களா?"

"லோடு ஏத்துற வரைக்கும் லாரி செட்டுல வேற என்ன வேலை? கொண்டா இங்க."

ஒரே போனை இருவரும் மாற்றி மாற்றிக் கையில் வாங்கி ஆடினார்கள். அரைமணி நேரத்தில் பொன்லிங்கம் தோற்றான்.

"என்னடே படிச்ச பிள்ளை, ராணியைத் தூக்கிக் கொடுத்துட்டு முழிக்கே!" என்று தங்கப்பழம் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கிய பிறகும் கண்ணில் சிரிப்பு மிச்சம் இருந்தது. நோட்டில் அந்த ராணிப் பேச்சையே எழுதினான் பொன்லிங்கம். மறுநாளும் ஒரு வரி எழுதினான். மூன்றாம் நாளும் எழுதினான்.

தங்கப்பழத்தின் ஆட்டம் எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஆட்டம். ராணியை அலட்சியமாக விட்டுவிடுவார். ஒரு சிப்பாய்க்காக உயிரைக் கொடுப்பார். பொன்லிங்கம் அதைக் கட்டுரையாக எழுதினான். அவன் எழுதியதிலேயே அதைத்தான் நிறையப் பேர் படித்தார்கள். இணையதளத்துக்காரர் போன் பண்ணினார்.

"தம்பி, உங்க எதிராளி கதைதான் இப்ப ஓடுது. இனிமே வாரத்துக்கு ரெண்டா குடுங்க."

அம்மாவிடம் சொன்னான். "மாதாவே" என்றாள் அவள். அப்புறம், "படிப்பு கெட்டுராம பாத்துக்கோ மக்கா" என்றாள்.

வாரம் இரண்டு கட்டுரை என்றால் சும்மா இல்லை. நாலாம் நாளிலிருந்து பொன்லிங்கத்தின் விரல் மூன்றும் தங்கப்பழத்தின் மணிக்கட்டில் இருந்தன, கண் போனில் இருந்தது, மனசு கட்டுரையின் முதல் வரியைத் தேடிக்கொண்டிருந்தது. தங்கப்பழம் ஆடிக்கொண்டே பேசுவார். ஊர் ஊராகப் போன கதையெல்லாம் பேசுவார்.

"ஒருதடவ நாசிக்ல வெங்காயம் ஏத்திட்டு வாறேன். பேய் மழை கேட்டியா. வைப்பர் வேலை செய்யல. அந்த நேரம் பாத்து செட்டுக்குப் போன் வந்திருக்கு. என் மவ..."

"ம்."

"கேக்கியாடே?"

"கேக்கேன் அண்ணாச்சி, சொல்லுங்க. உங்க ஆட்டம்தான்."

அப்போதுதான் பொன்லிங்கத்துக்கு முதல் வரி வந்து சேர்ந்தது. நல்ல வரி. அது கலைந்து போய்விடாமல் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். தங்கப்பழம் அதற்குமேல் சொன்னது ஒன்றும் அவன் காதில் ஏறவில்லை.

நோட்டில் நாடியை எழுதினான். அதன் கீழே 'வழக்கம்போல்' என்று எழுதினான். பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தான். பரீட்சை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

மறுநாளும் அப்படியே எழுதினான். அதற்கு மறுநாளும்.

ஒருநாள் தங்கப்பழம் கேட்டார்: "ஆடி முடிச்ச உடனே என்னமோ எழுதுதியே, என்னைப் பத்தியா?"

"ஆட்டத்தைப் பத்தி அண்ணாச்சி."

"அதுல நான் உண்டுமா?"

"நீங்கதான் ஹீரோ."

மறுநாள் சாயங்காலம் தங்கப்பழம் முகம் கழுவி, இருக்கிற நாலு முடியையும் படிய வாரி, திருநீறு பூசி உட்கார்ந்திருந்தார். போட்டோ ஏதும் எடுப்பார்களோ என்று நினைத்திருப்பார் போல. பொன்லிங்கம் அதைக் கவனித்தான். 'வழக்கம்போல்' என்றுதான் எழுதினான்.

முப்பத்தேழாம் நாள் விடியுமுன்னே முதல் பஸ் பிடித்து, பொன்லிங்கம் பரீட்சை எழுத டவுனுக்குப் போனான். மத்தியானம் திரும்பி வந்தபோது கட்டிலில் பாய் சுருட்டி வைத்திருந்தது.

"விடியும்போது போயிட்டார்" என்றார் ஆசான். "கையைப் பிடிச்சுக்கிட்டுதான் இருந்தேன். கஷ்டப்படல."

தங்கப்பழத்தின் போனில் மகளின் நம்பர் இருந்தது. ஒருமுறைகூட அவர் அதைக் கூப்பிட்டதில்லை. ஆசான் கூப்பிட்டுச் சொன்னார். அடக்கத்துக்கு வந்தாள். மூன்றாம் நாள், அப்பாவின் சாமான்களை வாங்கிப் போக வைத்தியசாலைக்கு வந்தாள். இரண்டு கைலி, ஒரு டிரைவிங் லைசென்ஸ், ஒரு டம்ளர். அதோடு நோட்டையும் சேர்த்துக் கொடுத்தார் ஆசான்.

"இது எங்க வழக்கம்மா. உங்க அப்பா தினமும் பேசினது இதுல இருக்கும்."

பொன்லிங்கம் வாசலில் நின்றான். ஓடிப்போய்ப் பிடுங்கிவிடலாமா என்று இருந்தது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான்.

இசக்கிசெல்வி நோட்டைக் கும்பிட்டு வாங்கினாள். அப்பா படுத்திருந்த கட்டிலில் உட்கார்ந்து விரித்தாள். முதல் பக்கத்தைப் படித்துச் சிரித்துவிட்டாள். "ராணியைத் தூக்கிக் கொடுத்துட்டு முழிக்கேங்காரு. அப்படியே அப்பா பேச்சு." ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். திருப்பத் திருப்ப வேகம் கூடியது. கடைசிப் பக்கம் வரைக்கும் போய்த் திரும்பவும் நாலாம் பக்கத்துக்கு வந்தாள்.

"அண்ணே, நீங்க எழுதினதா இது?"

"ஆமா."

"வழக்கம்போல்னு போட்டிருக்கு. முப்பத்திமூணு நாளும் அதான் இருக்கு." அவள் குரலில் கோபம் இல்லை, ஆசைதான் இருந்தது. "அப்பா வழக்கமா என்ன சொல்லுவாங்க?"

பொன்லிங்கம் குனிந்து தன் கையெழுத்தைப் பார்த்தான்.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா? ஏசியிருந்தாலும் பரவாயில்லண்ணே. சொல்லுங்க."

"பேசினாங்க. உங்களைப் பத்திப் பேசினாங்க."

"என்னன்னு?"

"நாசிக்ல இருந்து வெங்காயம் ஏத்திட்டு வரும்போது... பேய் மழையாம். அப்ப செட்டுக்குப் போன் வந்ததாம்."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "அது நான் பொறந்த அன்னைக்கு! அம்மா சொல்லியிருக்கா. அப்பா அதைப் பத்தி வாயே திறந்ததில்ல. சொல்லுங்கண்ணே. அப்புறம் என்ன சொன்னாங்க?"

பொன்லிங்கம் வாயைத் திறந்தான். மழை ஞாபகம் வந்தது. வைப்பர் ஞாபகம் வந்தது. அன்றைக்கு எழுதிய கட்டுரையின் முதல் வரி ஓர் எழுத்துப் பிசகாமல் ஞாபகம் வந்தது.

"நான் கேக்கலம்மா" என்றான்.

அவள் அவனையே பார்த்தாள்.

"அவங்க பேசினாங்க. நான்தான் கேக்கல."

வேறு என்ன செய்வது என்று தெரியாமல் போனை எடுத்து, எழுதிய கட்டுரைகளைக் காட்டினான். "இது எல்லாத்துலயும் அவங்கதான். அவங்க ஆட்டம்தான். நிறையப் பேர் படிச்சாங்க."

அவள் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"இதுல அப்பா பேரு எங்க இருக்கு?"

"பேரு போடல. எதிராளின்னு போட்டிருக்கேன்."

"எதிராளி" என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். போனை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்களாவது பக்கத்துல இருந்தீங்க. நான் அதுவும் இல்ல. உங்கள நான் என்னத்தச் சொல்ல?"

சாமான்களை எடுத்துக்கொண்டாள். நோட்டையும் எடுத்துக்கொண்டாள். பஸ் வருகிற சத்தம் கேட்டு வேகமாக நடந்தாள்.

ஆசான் கொல்லையில் மருந்து அரைக்கிற கல்வத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். பொன்லிங்கம் பக்கத்தில் போய் நின்றான்.

"ஆசானே, நான் ஆட்டத்தை விட்டுருதேன்."

"ஏன்டே? அந்த மனுசன் இங்க சிரிச்சது ஆட்டத்துலதான்."

"அப்ப எழுத்தை விட்டுருதேன்."

"உங்க அம்மை மறுபடி ராப்பகலா மிஷின் மிதிக்கட்டும்னா?"

"பிறகு எதைத்தான் விட ஆசானே? படிப்பையா?" என்றான். "எதையாவது விடணும்லா. ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க, இப்பவே விட்டுருதேன்."

ஆசான் கல்வத்தைக் கவிழ்த்து வைத்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்தார்.

"அந்த நோட்டை நானும் ஒருநாள் திறந்து பாக்கல. அது என் பங்கு. அதை நான் ஆண்டவன்கிட்ட சொல்லிக்கிடுதேன். உன் பங்கைக் கேக்கேன். அவர் பேசும்போது நீ எங்கடே இருந்த?"

"கட்டுரையில."

"கட்டுரை எழுதும்போது?"

"பரீட்சைப் பயத்துல."

"பரீட்சை எழுதும்போது?"

பொன்லிங்கம் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆட்டத்துல இருந்தேன் ஆசானே. முந்தின நாள் அவர் வச்ச குதிரைக்கு என்ன பதில் வைக்கலாம்னு..."



ஆசான் அவன் தோளில் கை வைத்தார்.

"மூணையும் எப்பவோ விட்டுட்டு நிக்கிறவன்கிட்ட, நான் இனி எதை மக்கா விடச் சொல்ல?"