பானையடி வெள்ளை

கல்லுக்கும் காது இருந்த அந்தக் காலத்தில், உலகத்துத் தண்ணீர் எல்லாம் ஒரே தண்ணீர்தான். எந்தக் கிணற்றில் மொண்டு உலை வைத்தாலும் பருப்பு மலர்ந்து வேகும். சீயக்காய் தேய்த்தால் முடிப் பிசுக்கை அலசிக்கொண்டு போகும். உப்புத் தண்ணி, நல்ல தண்ணி என்று பிரித்துப் பேச யாருக்கும் அவசியம் வரவில்லை.

அப்போது ஒரு வறண்ட ஊரில் சடையன் என்று கிணறு வெட்டுகிறவன் இருந்தான். ஊருக்கெல்லாம் வெட்டிக் கொடுத்தவன், கடைசியில்தான் தன் வீட்டுக் கொல்லையில் கடப்பாரையைப் போட்டான். அவன் மனைவி காத்தாயி மேலே நின்று கூடையில் மண் இழுப்பாள். ஏழாள் ஆழத்தில் சுண்ணாம்பாய் வெளுத்த சுக்கான்பாறை குறுக்கே படுத்திருந்தது.

"கொஞ்சம் வழி விடுய்யா. எம் பொண்டாட்டி தண்ணிக்கு அடுத்த ஊருக்கு நடக்கா," என்றான் சடையன்.

"ஊத்து எனக்குக் கீழதான் இருக்கு. ஆனா எனக்கு நகரத் தெரியாதேப்பா," என்றது பாறை.

அவனும் விடவில்லை. தினமும் கெஞ்சினான். பாறைக்கு மனம் இளகிவிட்டது. ஒருநாள் காலை, பாவம், தானாகவே நகர்ந்து பார்த்தது. பழக்கமில்லாத காரியம். ஒரேயடியாகச் சரிந்து அவன்மேலேயே விழுந்தது. ஊற்று பீறிட்டது. காத்தாயி கயிற்றை இழுத்தாள். கூடை காலியாக வந்தது.

பதினாறாம் நாள் படையலுக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் உலை வைத்தாள். அவர் வெட்டிய கிணறு, அவருக்கே முதல் உலை என்று பிடிவாதம். பருப்பு வேகவில்லை.

"என்ன மதினி இது, ஒரு கட்டு விறகு எரிஞ்சுபோச்சு, பருப்பு அப்படியே கெடக்கு," என்றாள் பக்கத்து வீட்டு உடைச்சி.

பானைத் தண்ணீர் பேசியது. "எம்மேல கோவிக்காத தாயி. அந்தப் பாறை அழுது அழுது எனக்குள்ள கரைஞ்சுட்டு. அதைச் சுமந்துக்கிட்டுத்தான் வாறேன்."

தண்ணீர் வற்றியதும் பானையடியில் வெள்ளையாக ஒரு படிவு இருந்தது. அதிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "தாயி, தெரியாம விழுந்துட்டேன். போகட்டும்னு ஒரு வார்த்தை சொல்லு. தண்ணியவிட்டு விலகிப் போயிருதேன்."

காத்தாயிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "அவரு கெஞ்சினப்போ நகரத் தெரியாத நீ, இப்போ எங்கிட்ட வந்து கெஞ்சுதியா?" என்று கரண்டியால் சுரண்டி அடுப்பு நெருப்பில் வீசினாள். கல் எங்கே சிதறினாலும் ஒரே கல்தான். அந்தச் சூட்டில் பாறை முழுவதற்கும் காது போயிற்று. காது போனதும் பேச்சும் போயிற்று.

அவளுக்கு அது தெரியாது. வெள்ளை தினமும் வந்து படிந்தது. அவளும் தினமும் சுரண்டினாள். தலை நரைத்தது.

ஒருநாள் தண்ணீருக்கே பொறுக்கவில்லை. "அவரு கேட்டதுக்காகத்தான் தாயி அது நகந்துச்சு. உனக்கு வழி விடத்தான்."

கரண்டி கையைவிட்டு விழுந்தது. அன்றைக்கு அவள் சுரண்டவில்லை. பானைக்குள் கையைவிட்டு அந்த வெள்ளையைத் தடவித் தடவி அழுதாள். "போகட்டும்யா. நீ நல்லதுக்குத்தான் பண்ணுன. நான்தான் பாவி. போய்யா," என்று மூன்று தரம் சொன்னாள்.

மறுநாளும் அது வந்து படிந்திருந்தது. இன்னும் சத்தமாகச் சொன்னாள். சாகிறவரைக்கும் சொன்னாள்.

அன்றிலிருந்துதான் சுக்கான்பாறை கிடக்கும் ஊர்களில் பருப்பு வேக மறுக்கிறது, தண்ணீர் காய்ச்சிய பானையில் வெள்ளை படிகிறது. நாமும் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்க்கிறோம். தன்னை எப்போதோ மன்னித்துவிட்டார்கள் என்று தெரியாமல், அது மறுநாளும் வந்து ஒட்டிக்கொள்கிறது.